கட்டிலில் படுத்தவளைக் கேளுங்கள்

அன்று காலை நடந்ததைக் கேட்டால் "கை தவறிடுச்சு" என்றுதான் அவள் இன்றைக்கும் சொல்வாள். கை தவறவே இல்லை. தவறியது வாய்.

கணவருக்குக் கொடுக்க வேண்டிய வலி மருந்தைக் கரண்டியில் ஊற்றினாள். "ஆ காட்டுங்க" என்றாள். குழந்தைக்கு ஊட்டுகிறவர்கள் எல்லோரும் செய்வதைப் போலத் தானும் வாயைத் திறந்தாள். திறந்த வாய் இரண்டு இருந்ததில் கரண்டி பக்கத்தில் இருந்ததற்குப் போய்விட்டது. மருந்தை விழுங்கிவிட்டு, அவர் வாயைத் துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டாள். அவர் திறந்த வாயை மூடவில்லை.

"கசக்குதா?" என்று கேட்டாள். "கசக்கத்தான் செய்யும்" என்று அவளே பதிலும் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

கேள்வியையும் பதிலையும் அவளே வைத்துக்கொள்வது அந்த வீட்டில் புதிதல்ல. குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்கும் ஜன்னலில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த பழக்கம் அது. வந்தவர் "எங்க தெருவில..." என்று ஆரம்பிக்கும்போதே, "கலங்கலா வருது, அதானே? நாளைக்கு ஆள் வருவாங்க" என்று முடித்துவிடுவாள். கணவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து அந்த ஜன்னலை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் அவரைப் பார்த்துத்தான் கேட்பார். பதில் இவளிடமிருந்து வரும்.

"வலி இருக்கா?"

"இல்ல டாக்டர். இருந்தா மூஞ்சியிலயே தெரியும்."

"தூக்கம்?"

"நல்லா தூங்குறார்."

அவர் லிஃப்ட் மெக்கானிக். இருட்டுக் குழிக்குள் தனியாக நின்று கம்பியைக் காதால் கேட்டுப் பழகியவர், பேச்சில் சிக்கனம். தன் தூக்கத்தைப் பற்றித் தன்னைவிட விவரமாகச் சொல்ல ஓர் ஆள் இருக்கும்போது எதற்கு வாயைத் திறப்பது என்று பேசாமல் இருந்துவிட்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் இனி நோயைக் குறைக்க மருந்து இல்லை என்று கைவிரித்த பிறகு, வலி தணிப்பு மையத்திலிருந்து ஒரு டாக்டரம்மாவும் ஒரு சிஸ்டரும் வாரம் தவறாமல் வீட்டுக்கே வந்துகொண்டிருந்தார்கள். அவர் எலும்புக்குள் ரத்தம் ஊறுவது ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. அதனால் வெளியிலிருந்து ஏற்ற வேண்டும். முதலில் ஒரு தடவை ஏற்றினால் நாலு வாரம் தெருமுனைவரை நடந்து வருவார். பிறகு அது இரண்டு வாரமாகி, ஒரு வாரமாகி, கடைசித் தடவை ஏற்றிவிட்டு வீட்டுப் படியில் கால் வைக்கும்போதே மூச்சு வாங்கியது. ரத்தம் ஏற்றுவதில் இனி பெரிதாகப் பலன் இருக்காது என்று டாக்டரம்மா பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். "சும்மா விட்டுட முடியுமா டாக்டர்? புதன்கிழமைக்கு வேன் சொல்லியாச்சு" என்று இவள் முடித்துவிட்டாள்.

சிஸ்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். திடீரென்று எங்கிருந்தாவது ரத்தம் வரலாம், வராமலும் போகலாம். எதற்கும் அடர்த்தியான நிறத்தில் துண்டுகள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வெள்ளைத் துணியில் பார்த்தால் கொஞ்சமும் நிறையத் தெரியும், பார்க்கிறவர்களுக்குப் பயம் வரும் என்று. அன்றே அவள் கடைக்குப் போய்ப் பளபளவென்று வெள்ளைத் துண்டுகளாக ஒரு கட்டு வாங்கி வந்து, சிஸ்டர் கண்ணில் படும்படி அடுக்கி வைத்தாள். அப்படி ஒரு வீம்பு.

சரி, மருந்துக்கு வருவோம். சமையலறைக்குப் போனவள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. எத்தனையோ மாதத் தூக்கம் பாக்கி இருந்த உடம்பு, மருந்து ஒரு சாக்கு. அரிசி டின்னில் சாய்ந்தபடி உட்கார்ந்து, வாயில் ஈ போனாலும் தெரியாமல் தூங்கிவிட்டாள். அவர் கட்டிலோரத்தில் பழைய லிஃப்ட் ஒன்றின் அபாய மணியைக் கழற்றிக் கொண்டுவந்து மாட்டியிருந்தார். அதை அழுத்தினால் அடுத்த தெருவில் இருந்தாலும் ஓடி வருவாள். அன்றைக்கு அழுத்தினார், மறுபடியும் அழுத்தினார், பக்கத்து வீட்டு நாய்தான் குரைத்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து எட்டிப் பார்த்தார். நீட்டிய இரண்டு கால்கள் தெரிந்தன. சிஸ்டருக்கு போன் போட்டார்.

"சிஸ்டர், ஆள் எழுந்திருக்கல."

"ஐயா, நீங்கதானே பேசுறீங்க?"

"நான் எழுந்துட்டேன். அவ எழுந்திருக்கல. என் மருந்து அவ வயித்துல இருக்கு."

வண்டி வந்தது. டாக்டரம்மா கண்ணைப் பார்த்தார், மூச்சைப் பார்த்தார். "பயப்பட ஒண்ணும் இல்ல. கொஞ்சம்தான் உள்ள போயிருக்கு. ஆனா நாளைக்குக் காலையில வரைக்கும் எங்க கண்ணு முன்னாடி இருக்கட்டும்" என்றார். மையத்தில் காலியாக இருந்தது ஒரே ஒரு கட்டில். அவரை வீட்டில் தனியாக விட முடியாது. மையத்துக்கு ஒரு சட்டம் உண்டு: ஒரு கட்டிலுக்கு ஒரு நோயாளி, கூட ஒருவர். யோசித்துப் பார்த்தால் கணக்கு அழகாகச் சரியாக வந்தது. சிஸ்டர் அவள் மணிக்கட்டில் நோயாளிகளுக்கான பட்டையைக் கட்டினார். அவர் கழுத்தில் 'உடனிருப்பவர்' என்று எழுதிய அட்டையை மாட்டினார்.

மாட்டியதும் மனுஷர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனையோ மாதங்களாக அவர் உடம்பில் எதை மாட்டினாலும் அதன் மறுமுனையில் ஒரு பாட்டில் தொங்கும். இதில் ஒன்றும் தொங்கவில்லை.

மதியம் அவளுக்கு விழிப்பு வந்தபோது தலைமாட்டில் அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுந்திரிக்காத. டாக்டர் படுக்கச் சொல்லியிருக்காங்க."

"என்னங்க இது? நீங்க வந்து படுங்க, நான் இறங்குறேன்."

"அட்டெண்டர் கட்டில்ல படுக்கக் கூடாது. சிஸ்டர் திட்டுவாங்க."

சிஸ்டரும் திட்டினார். அவருக்கென்று சாய்த்துக்கொள்கிற மெத்தை நாற்காலி ஒன்று போட்டிருக்கிறோம், மூச்சுக்கு அதுதான் நல்லது, அவர் மருந்தையும் நாங்களே கொடுத்துவிட்டோம், நீங்கள் பேசாமல் படுங்கள் என்று போர்வையை இழுத்துவிட்டுப் போனார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் வாய்க்கு அங்கே கொடுக்கிற எதுவும் பிடிக்காது என்பது அவள் கட்சி. போய் உப்பில்லாமல் ஒரு சூப்பாவது வாங்கி வரலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வாசலில் செக்யூரிட்டி கையை நீட்டி மறித்தார்.

"பேஷன்ட் தனியா வெளிய போகக் கூடாதும்மா."

"நான் பேஷன்ட் இல்லப்பா."

செக்யூரிட்டி அவள் மணிக்கட்டைப் பார்த்தார். "எல்லாரும் இப்படித்தாம்மா சொல்றாங்க. கூட இருக்கிறவங்களைக் கூட்டிட்டு வாங்க."

என்ன செய்வது? உள்ளே போய்ச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கால் வீங்கி, முகம் காகிதமாக வெளுத்து, கையெல்லாம் நீலத் திட்டுகளோடு நாற்காலியில் அவர். பின்னால் மூச்சிரைக்காமல் தள்ளிக்கொண்டு திடகாத்திரமாக இவள். செக்யூரிட்டி அவரிடம் குனிந்து, "சார், இவங்களை உங்க பொறுப்பில கூட்டிட்டுப் போறீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "இல்லப்பா. வெயிலா இருக்கு, வேண்டாம். ரெஸ்ட் எடுக்கட்டும்."

திரும்பிப் போகும் வழி முழுக்க அவள் அவரோடு பேசவில்லை. அவருக்கோ உச்சி குளிர்ந்து போயிருந்தது. அங்கே இருந்த லிஃப்டில் ஏறியதும், "கதவு இழுக்குது, ரோலர்ல எண்ணெய் இல்ல" என்றார். நோய் வந்த பிறகு தன் உடம்பு அல்லாத ஒன்றைப் பற்றி அவர் சொன்ன முதல் புகார் அதுவாகத்தான் இருக்கும்.

சாயங்காலம் நாத்தனார் வந்தார். அவருடைய அக்கா. தம்பியைப் பார்க்க வரும்போதெல்லாம் வாசலிலேயே அழுகையைத் தொடங்கி, கட்டில் வரும்போது உச்சத்துக்குக் கொண்டுவந்துவிடுகிற பழக்கம் அவருக்கு. அன்றும் கைக்குட்டையும் ஆரஞ்சுப் பையுமாக அழுதுகொண்டே நுழைந்து, பழகிய தடத்திலேயே போய்க் கட்டிலில் கிடந்த காலைப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிறகுதான் அதில் கொலுசு இருப்பது தெரிந்தது.

"ஐயோ, உனக்குமா!"

"எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணி."

"இவனும் இப்படித்தான் சொன்னான் முதல்ல!"

"அக்கா, கையைக் கழுவினியா?" என்றார் அவர் நாற்காலியிலிருந்து. "முதல்ல கழுவிட்டு வா. வெளியில இருந்து வந்து பேஷன்ட்டைத் தொடலாமா? அப்புறம் அந்த ஆரஞ்சைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடு. தோலோட எதுவும் உள்ள வரக் கூடாது."

வார்த்தைக்கு வார்த்தை அவளுடைய வசனம். வீட்டு வாசலில் நின்று வருகிறவர்களையெல்லாம் அவள் இப்படித்தான் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். வேறொரு வாயிலிருந்து கேட்கும்போது எவ்வளவு கர்ண கடூரமாக இருக்கிறது என்று அவளுக்கே கூசியது. நாத்தனார் கையைக் கழுவப் போன இடத்தில் நின்றே நாலு பேருக்கு போன் செய்துவிட்டார். அதன் பிறகு அவள் போன் ஓயவில்லை. அவளுக்கு ஆறுதல் சொன்ன சித்தப்பா ஒருவர், "தைரியமா இரும்மா, இப்பல்லாம் நல்ல நல்ல மருந்து வந்திருக்கு" என்றார். அவருக்குத்தான் நோய், எனக்கில்லை என்று விளக்கியபோது, "அவனுக்கு இருக்கிறது பழைய விஷயம்மா, உனக்கு எப்படி இருக்கு சொல்லு" என்றார்.

இரவுச் சாப்பாட்டை நான்தான் ஊட்டுவேன் என்று கணவர் ஒற்றைக் காலில் நின்றார். பாதி கஞ்சி போர்வைக்குப் போனது. ஒவ்வொரு வாய்க்கும் அவரும் வாயைத் திறந்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் தனக்கு ஊட்டியதில்லை, ஊட்டச் சொல்லித் தானும் கேட்டதில்லை என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனாள். விடிந்து வெயில் ஏறும்வரை புரண்டுகூடப் படுக்கவில்லை.

காலையில் டாக்டரம்மாவும் சிஸ்டரும் வந்தார்கள். நேராக அவர் நாற்காலிக்குப் போனார்கள். அவள் அப்போதுதான் கண் விழித்து, கலைந்த தலையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்காங்க?" என்று டாக்டரம்மா அவரைக் கேட்டார்.

"நல்லா தூங்கினாங்க டாக்டர். ராத்திரி கஞ்சி குடிச்சாங்க. கொஞ்சம் கோபம் வருது, மத்தபடி பரவாயில்ல."

"எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றாள் அவள்.

"இப்படித்தான் சொல்லுவாங்க" என்றார் அவர்.

டாக்டரம்மா தலையாட்டினார். "வலி ஏதாவது?"

"இல்ல டாக்டர். இருந்தா மூஞ்சியிலயே தெரியும்."

"அப்ப சரி" என்று டாக்டரம்மா நகரப் பார்த்தார்.

அவ்வளவுதான். வெடித்துவிட்டாள். "இருங்க டாக்டர்! வலி இல்லன்னு அவர் எப்படிச் சொல்றார்? ரெண்டு முட்டியும் உயிர் போகுது எனக்கு! உக்காந்தா எழுந்திரிக்க முடியல, எழுந்தா உக்கார முடியல. படுத்திருக்கிறது நான். என் வலியை அவர்கிட்ட கேக்குறீங்க, அவர் இல்லங்கிறார், நீங்களும் சரின்னு போறீங்க. என்னைக் கேக்க மாட்டீங்களா? நான் இங்கதானே இருக்கேன், கண்ணு முன்னாடி!"

பக்கத்துக் கட்டில்காரர் தன் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

அவர்தான் முதலில் வாயைத் திறந்தார். கிண்டலாக எதுவும் சொல்லவில்லை. உண்மையாகவே திடுக்கிட்டுப் போயிருந்தார். "முட்டிவலியா? எப்ப இருந்து?"

"உங்களை பாத்ரூமுக்குத் தூக்க ஆரம்பிச்சதுல இருந்து."

"சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையே!"

சொல்லி முடித்த பிறகுதான் அவள் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. நாற்காலியில் இருந்த மனுஷரைப் பார்த்தாள். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். மூஞ்சியில் தெரியும், மூஞ்சியில் தெரியும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள். அந்த மூஞ்சியில் ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்கும் தெரியவில்லை, அதற்கு முன்னாலும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வேன் டிரைவர் வந்து நின்றார். வீட்டுக்குப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு, போன் செய்து விசாரித்து இங்கே வந்திருந்தார். புதன்கிழமை.

"ரத்தம் ஏத்தப் போகணும்னு சொன்னீங்க. யாருக்கு?" அவர் பார்வை பட்டையிலிருந்து அட்டைக்கும், அட்டையிலிருந்து பட்டைக்கும் போய் வந்தது. "அம்மா, உங்களுக்கா?"

"அவருக்குத்தான். இதோ வர்றோம், நீங்க வண்டியை..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். பாதி வாக்கியத்தில் அவள் நிறுத்தி யாரும் கேட்டதில்லை. டிரைவர் மிச்சத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து இறங்கினாள். இந்தத் தடவை சிஸ்டர் திட்டவில்லை. நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள்.

"டாக்டர், அவரைக் கேளுங்க."

"நீங்களே கேளுங்களேன்" என்றார் டாக்டரம்மா.

ஜன்னலில் உட்கார்ந்து ஊர்ப் புகாரையெல்லாம் வாங்கியவளுக்கு ஒரு கேள்வியை முழுசாகக் கேட்கத் தெரியவில்லை. இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினாள். "என்னங்க. ரத்தம் ஏத்திக்கப் போகலாமா? உங்களுக்கு... உங்களுக்கு என்ன தோணுது?"

அவர் பழக்க தோஷத்தில் பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்தார். அவளோ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். அடைக்காவிட்டால் பதில் வந்துவிடும் என்று பயம். நேரம் போனது. வேன் டிரைவர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார்.

"லிஃப்ட் நடுவுல நின்னுடும்ல" என்று மெதுவாக ஆரம்பித்தார் அவர். "நாங்க போறப்ப வெளியில பத்து பேர் நிப்பாங்க. மேல தூக்கு, கீழ இறக்கு, கதவை உடைன்னு அவங்களுக்குள்ள ஒரே சண்டை. உள்ள இருக்கிறவன் ஏதோ சொல்லிட்டு இருப்பான், அந்தச் சத்தத்துல கேக்காது. நான் முதல்ல கதவுகிட்ட காதை வெச்சு அவனைத்தான் கேப்பேன்." மூச்சு வாங்கியது. நிறுத்தி, பிறகு தொடர்ந்தார். "எனக்குப் போதும்மா. ஊசி குத்த இடமே இல்ல. போன தடவை ஏத்தினது வர்ற வழியிலயே தீர்ந்து போச்சு. அந்த ரத்தத்தை வேற யாருக்காவது குடுக்கச் சொல்லு, ஓடியாடட்டும். நான் வீட்டுல இருக்கேன்."

"எப்ப இருந்து இப்படி நினைக்கிறீங்க?"

"ஏத்தின ரத்தம் ஒரு வாரத்துக்குத்தான் நிக்க ஆரம்பிச்சுதே, அப்ப இருந்து."

"சொல்லவே இல்லையே" என்றாள். அதற்கு அவர் என்ன பதில் சொல்வார் என்று அவளுக்கே தெரியும். அவர் சொல்லவில்லை. அவ்வளவு நல்ல மனுஷர். அவள் அவர் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க, நாத்தனாரே தோற்றுப்போகிற மாதிரி அழுதாள். அவரை விட்டுவிட்டு எப்படி இருப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை, அதைத்தான் சொல்லிச் சொல்லி அழுதாள். அவர் அவள் தலையைக் கோதியபடி, "பேஷன்ட்டை அழ விடக் கூடாது, சிஸ்டர் திட்டுவாங்க" என்றார். அவருக்கும் கண்ணில் தண்ணீர்.

"அப்ப நான் கெளம்பட்டுமா?" என்றார் டிரைவர்.

"கெளம்புப்பா" என்றார்கள் இரண்டு பேரும்.

டாக்டரம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரத்தம் ஏற்றாவிட்டால் என்ன ஆகும் என்று ஒளிக்காமல் சொன்னார். அசதி கூடும், தூக்கம் கூடிக்கொண்டே போகும், மூச்சுத் திணறினால் அதற்கு மருந்து உண்டு, கூப்பிட்டால் எந்நேரமும் வருவோம், வலியோடு விட மாட்டோம். ஒவ்வொன்றையும் அவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவளையும் பார்த்தார். இரண்டு பேரிடமும் தனித்தனியாக "புரிஞ்சுதா?" என்று கேட்டார். இரண்டு பேரும் தனித்தனியாகத் தலையாட்டினார்கள். பிறகு அவள் முட்டிக்கும் ஒரு மருந்து எழுதினார். அதைக் கரண்டியில் ஊற்றத் தேவையில்லாத மாத்திரையாகவே பார்த்து எழுதினார்.

சிஸ்டர் அவள் மணிக்கட்டுப் பட்டையைக் கத்தரித்து எடுத்தார். அட்டைக்காக அவரிடம் கையை நீட்டினார். அவர் அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"முட்டி சரியாகட்டும் சிஸ்டர். அப்புறம் தர்றேன்."

சிஸ்டர் கையை மடக்கிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார். அவள் கூப்பிட்டாள்.

"சிஸ்டர், அந்தத் துண்டு சொன்னீங்களே. என்ன கலர்ல வாங்கணும்?"

சிஸ்டர் வாயைத் திறந்தார். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டு நாற்காலிப் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க."

அவர் நிஜமாகவே யோசித்தார். "மெரூன் வாங்கு" என்றார். "மெரூன் எனக்கு எடுப்பா இருக்கும்."